கேம் ஆஃப் த்ரோன்ஸின் ஆக மோசமான அத்தியாயம் எது? என் அப்பாவைக் கேளுங்கள்

‘மிகவும் பிடித்த அறிவியல் புனைவு அல்லது மாயாஜாலத் தொடரில் ஆக மோசமான அத்தியாயம் எது?’ என்பது கேள்வி. கேட்டவர் உதாரணமாக ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’யைச் சொல்லியிருக்கிறார். 1989இல் வந்தது. விண்கப்பலின் துணைத் தளபதி ரைக்கர் மயங்கிப் படுத்திருப்பார். அவர் நினைவில் ஓடுவதாகச் சொல்லிப் பழைய அத்தியாயங்களின் துண்டுகளை ஒட்டி ஒப்பேற்றியிருப்பார்கள். மோசம்தான். ஆனால் அதன் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. 1988இல் நடந்த எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 22 அத்தியாயமாகச் சுருங்கியது. கையிருப்பும் கரைந்துவிட்டது. மூன்றே நாளில் எடுத்து முடித்தார்கள். மாதக் கடைசியில் பழைய குழம்பைச் சுடவைத்து ஊற்றுகிற வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு ருசி பேசக் கூடாது.

பணம் இருந்தது, நாள் இருந்தது, கை தேர்ந்த ஆட்களும் இருந்தார்கள், அப்படியும் சோற்றைக் கருக்கினார்கள் என்றால்தான் எனக்கு ஆத்திரம் வரும். என் பதில்: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’, எட்டாவது சீசன், மூன்றாவது அத்தியாயம், ‘தி லாங் நைட்’.

உடனே சிலர் கிளம்பி வருவீர்கள், தெரியும். “கடைசி அத்தியாயத்தை விட்டுவிட்டு இதையா சொல்கிறாய்?” என்பீர்கள். அந்த சீசனையே திரும்ப எடுக்கச் சொல்லி 18 லட்சம் பேருக்கு மேல் இணைய மனுவில் பெயர் போட்டார்கள், எனக்கும் தெரியும். கடைசி அத்தியாயத்தில் கதை கெட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கெட்டதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நான் சொல்கிற அத்தியாயத்தில் அதற்கே வழியில்லை.

இது என் அப்பா சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் கொஞ்சம் நீளும்.

அப்பா மாயவரத்தில் 31 வருடம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். 1979இல் ஆரம்பித்து, செல்போனில் எல்லாரும் படம் எடுக்கத் தொடங்கிய பிறகு 2010இல் மூடினார். ஐப்பசியில் துலாக் கட்டத்துக்கு சுவாமி புறப்பாடு வரும்போது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இப்போதும் ஊரில் சில வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அவர் விரலில் படம் கழுவுகிற ஹைப்போ ரசாயனத்தின் வாடை இருந்தது. அம்மா போன பிறகு சென்னைக்கு எங்களோடு வந்துவிட்டார். டிவி பார்க்கிற வழக்கம் கிடையாது. செய்தி பார்ப்பார், அதிலும் வாசிப்பவர் முகத்தில் விழும் வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்.

2016இல் ஓர் இரவு நான் ‘பேட்டில் ஆஃப் தி பாஸ்டர்ட்ஸ்’ அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சொம்போடு அடுக்களையிலிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஜான் ஸ்னோ தன்னந்தனியாக வாளை உருவிக்கொண்டு நிற்கிறான், எதிரே குதிரைப் படை மொத்தமும் பாய்ந்து வருகிறது, அந்தக் காட்சி. நான் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். கையால் தடுத்துவிட்டு, “இதை எடுத்தது யார்?” என்று கேட்டார். யாருக்கும் யாருக்கும் சண்டை, எதற்குச் சண்டை, ஒன்றும் கேட்கவில்லை. தேடிப் பார்த்துச் சொன்னேன்: இயக்கம் மிகுவல் சபோச்னிக், ஒளிப்பதிவு ஃபேபியன் வாக்னர். “வாக்னர்” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து முதல் சீசனை எங்களோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

(அப்பாவோடு அந்தத் தொடரையா என்று கேட்பவர்களுக்கு: ரிமோட் என் கையில்தான் இருக்கும். தவிர, எப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பது அவருக்கே தெரியும். மூன்று வருடத்தில் நிறையத் தண்ணீர் குடித்தார்.)

ஆக, 2019இல் இந்த அத்தியாயத்தை எடுத்ததும் அதே இருவர்தான் என்று தெரிந்தபோது வீட்டில் திருவிழாதான். 55 இரவுகள் வெட்டவெளியில் படப்பிடிப்பு, 82 நிமிடம், தொடரிலேயே நீளமான அத்தியாயம். 2011இல் முதல் அத்தியாயத்தின் முதல் காட்சியிலேயே பனிக்காட்டில் தலைகாட்டிய வெண்ணடையர்கள் என்ற பனிப் பேய்கள் எட்டு வருடம் நடந்து வந்து சேர்கிற இரவு அது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பு என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை மணி. ஏப்ரல் 29. அலுவலகத்துக்கு வயிறு சரியில்லை என்று செய்தி அனுப்பினேன். அப்பா ஐந்து மணிக்கே குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோ திறக்கப் போகிறவர் மாதிரி.

எங்கள் கூடத்துக்குக் கிழக்கே பால்கனி. சித்திரை வெயில் ஆறரைக்கே உள்ளே வந்துவிடும். கண்ணாடிக் கதவின் மேல் இரண்டு போர்வைகளைத் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஓரத்தில் வந்த கீற்றை என் மனைவி தலையணை வைத்து அடைத்தாள். “இருட்டறை மாதிரியே ஆகிவிட்டது” என்று அப்பா சிரித்தார்.

பத்தாவது நிமிடம் வாக்கில் அந்தக் காட்சி வந்தது. சூனியக்காரி மெலிசாண்ட்ரே மந்திரம் சொல்ல, குதிரைப் படையான தோத்ராக்கியர்களின் வளைந்த வாள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தீப்பற்றும். அந்தத் தீக்கூட்டம் இருளுக்குள் ஓடும். தூரத்தில் ஒவ்வொரு பொட்டாக அணையும். கடைசிப் பொட்டும் அணைந்தபின் ஒன்றுமே இருக்காது. அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “இவன் தொழில் தெரிந்தவன்” என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்கும் ஒன்றுமே தெரியவில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. திரை கறுப்பாக இருந்தது. கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. புகையும் பனியும் வருகிற இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சுவரில் ஒட்டடை படிந்த மாதிரி தெரிந்தது. இணையம் வழியாக அனுப்பும் படத்தைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இருண்ட பகுதியின் நுணுக்கம்தான். அங்கே கண் அவ்வளவாகக் கவனிக்காது என்ற கணக்கில் வெட்டிவிடுவார்கள். படம் முழுவதுமே இருண்ட பகுதி என்றால் என்ன மிஞ்சும்? கண்ணாடித் திரையில் எங்கள் மூவரின் முகமும், பின்சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரும் தெரிந்தன. தேதி கூடப் படிக்கலாம் போலிருந்தது.

“யார் விழுந்தது?” என்று அப்பா கேட்டார். “ஜானின் நண்பன் எட் என்று நினைக்கிறேன்” என்றேன். “அது எட்டா? அப்போதே செத்துப்போனது யார்?” என்றாள் மனைவி. டிராகன்கள் மேகத்துக்குள் மோதின. எது யாருடையது என்று சத்தத்தை வைத்து ஊகித்தோம். அந்த அத்தியாயத்துக்கு ஒலித் தொகுப்புக்கும் ஒலிக்கலவைக்கும் எம்மி விருது கொடுத்தார்கள். சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாங்கள் கேட்டதுதானே அதிகம்.

கதையிலும் ஓட்டைகள் உண்டு. கல்லெறி பொறிகளைக் காலாட்படைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். “பிணத்தை எழுப்புகிறவன் வருகிறான் என்று தெரிந்தும் பெண்களையும் பிள்ளைகளையும் கல்லறைக்குள்ளா ஒளித்து வைப்பார்கள், மாமா?” என்று மனைவி கேட்டதற்கு இன்று வரை எனக்குப் பதில் இல்லை. எட்டு வருடம் பயம் காட்டிய வெண்ணடையர்களின் அரசன் நைட் கிங்கை ஆர்யா என்ற சின்னப் பெண் ஒரே குத்தில் முடித்ததும் எனக்கு ஒப்பவில்லை. இதையெல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள்.

முடிந்ததும் போர்வைகளைக் கழற்றினேன். வெயில் அறைந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “டிவியில் ஏதோ கோளாறு, ஆளைக் கூப்பிடு” என்றார்.

புதன்கிழமை சர்வீஸ்காரர் வந்தார். பச்சைப் புல்லில் கால்பந்து ஓடுகிற ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். “படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது சார், ஒரு குறையும் இல்லை” என்றார். அதைச் சொன்னதற்கு 450 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை அப்பா நடைப்பயிற்சிக்குப் போனவர் பதினொரு மணி வரை வரவில்லை. திரும்பி வந்தபோது கையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்திருக்கிறார். டிவியில் கோளாறு இல்லை என்றால் தன் கண்ணில்தான் கோளாறு என்று நான்கு நாளாக மனதுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை லேசாகத் தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதியிருந்தது. “அதனால்தான் தெரியவில்லை” என்றார். 31 வருடம் வெளிச்சத்தை மீட்டர் இல்லாமலே கணித்த மனிதர் அதைச் சொன்ன குரலை நான் மறக்க மாட்டேன்.

என் தப்பும் இதில் உண்டு. உலகம் முழுவதும் இதே புலம்பல்தான் என்பதைத் திங்கள் மதியமே இணையத்தில் படித்துவிட்டேன். அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அன்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். நியூயார்க்கிலும் லண்டனிலும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. பிறகு வாக்னர் பேட்டியில் சொன்னதையும் வாசித்தேன். தான் எடுத்தது இருட்டாக இல்லை என்றும், நிறையப் பேருக்குத் தங்கள் டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றும் அவர் சொல்லியிருந்தார்.

அப்பாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “படம் கறுப்பாக இருக்கிறது என்று ஒரு கஸ்டமர் திரும்பி வந்தால், உங்கள் வீட்டு பல்பை மாற்றுங்கள் என்று நான் சொல்ல முடியுமா? அவன் வீட்டில் எந்த வெளிச்சத்தில் மாட்டுவான் என்று யோசித்துத்தானே பிரிண்ட் போட வேண்டும்? இருட்டில் நிற்கிறவனைக் காட்ட வேண்டும் என்றால் தோளுக்குப் பின்னால் ஒரு கீற்று விடு. முகம் தெரிய வேண்டாம், ஆள் நிற்கிறான் என்றாவது தெரியட்டும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? அந்தத் தீ அணைகிற ஷாட்டை எடுத்தவனுக்கா தெரியாது?”

கறுப்பைத் துல்லியமாகக் காட்டும் பெரிய ஓ.எல்.இ.டி. டிவி வைத்திருப்பவர்கள், ப்ளூ-ரே வட்டில் பார்த்தவர்கள், “எங்களுக்கு எல்லாம் தெரிந்ததே” என்று எழுதுவீர்கள். வாழ்த்துகள். 43 அங்குல டிவியில் சந்தா கட்டிப் பார்க்கிற குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொடரை எடுத்தார்கள். குழப்பமான போர், அதனால் இருட்டு வேண்டும் என்று கலைப்பார்வை பேசுபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: படையில் இருப்பவன் குழம்பலாம், ஆனால் நான் குழம்பியது அண்ணன் யார், தம்பி யார் என்று.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. என் கல்யாணத்துக்குப் படம் எடுக்க அப்பாவையே கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பனார் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதா என்று உறவினர்கள் சொன்னார்கள் என்று ஒரு பெரிய ஸ்டுடியோவில் கொடுத்தோம். ஆல்பம் வந்தபோது என் மனைவி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தாள். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். அவள் முகம் எவ்வளவு களையான முகம்! கேட்டதற்கு, “இப்போது எல்லாரும் இப்படித்தான் சார் விரும்புகிறார்கள்” என்றார்கள். அப்பா ஒரே ஒரு தாளைப் புரட்டிவிட்டு மூடிவைத்தார். அந்த ஆல்பம் பரணில் கிடக்கிறது. ஒருவன் கறுப்பாக்கி ஏமாற்றினான், இன்னொருவன் வெள்ளையாக்கி ஏமாற்றினான். கேட்டால் இருவருக்கும் தவறு நம் கண்ணில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாரத்து அத்தியாயத்தில் விருந்துக் காட்சியில் டிராகன்களின் அரசி டேனரிஸுக்கு முன்னால் யாரோ ஒரு காகிதக் காப்பிக் கோப்பையை மறந்து வைத்திருந்தது நினைவிருக்கிறதா? பின்னால் அதைக் கணினியில் அழித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தது அப்பாதான். “இது மட்டும் நன்றாகத் தெரிகிறது” என்றார்.

2022இல் புரை முற்றி, இரண்டு கண்ணுக்கும் ஒரு மாத இடைவெளியில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு வெள்ளைச் சுவரில் நீலம் ஓடுகிறது என்றார், என் நரையைக் கணக்கெடுத்தார். ஒரு வாரம் கழித்து, இரவு சாப்பாடு ஆனதும், “அந்தப் படத்தைப் போடு” என்றார். எந்தப் படம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடத்து விளக்கை அவரே அணைத்தார்.

வாள்கள் எரிந்து அணைகிற இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். அதன் பிறகு இருபது நிமிடம் அசையாமல் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“தெரியவில்லைடா!” என்றார்.