ஹார்னஸ் போட்டு பூனையை வெளியே கூட்டிப்போவது: மதுரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனையை ஹார்னஸ் (கழுத்தையும் நெஞ்சையும் சுற்றி மாட்டி, கயிறு கோக்கிற பட்டை) மாட்டி வெளியே நடக்கப் பழக்குவது பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாயைக் கூட்டிப்போகிற மாதிரி பூனையைக் கூட்டிப்போக முடியாது. அது போகிற பக்கம் நாம்தான் பின்னால் போக வேண்டும். பத்து நிமிடம் ஒரே தொட்டிச் செடியை மோந்துகொண்டு நின்றாலும் அதுதான் அன்றைய நடை.

கே.கே. நகரிலிருந்து: எங்கள் பூனைக்கு ரெண்டு வயசு. ஹார்னஸ் மாட்டியதும் அப்படியே சாய்ந்து விழுந்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. இடுப்பில் ஏதாவது அடிபட்டிருக்குமோ அக்கா?

கழற்றியதும் பழையபடி ஓடியாடுகிறது என்றால் அடி எதுவும் இல்லை. உடம்பைச் சுற்றி எதோ பிடித்திருக்கிறது என்று தோன்றினால் நிறைய பூனைகள் இப்படித்தான் கிடந்துவிடும். சில பூனைகள் பின்னங்காலை மடக்கித் தரையோடு தவழும். பழகினால் போய்விடும். ஆனால் “கொஞ்ச நேரம் கிடக்கட்டும், தானாகப் பழகும்” என்று விடாதீர்கள். பயத்தோடு கிடந்தால் பயம்தான் பழகும்.

மறுபடி முதலிலிருந்து வாருங்கள். ஹார்னஸைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வையுங்கள். மோந்து பார்க்கட்டும், அதன் மேலேயே படுத்துத் தூங்கட்டும். அப்புறம் கழுத்து வளையத்தை ஒரு கையில் பிடித்து, மறுபக்கம் உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டை நீட்டுங்கள். அதுவே தலையை நுழைத்து வாங்கித் தின்றுவிட்டுப் பின்வாங்கட்டும். நீங்கள் மாட்டக் கூடாது. அது தயங்காமல் நுழைக்கிற வரை அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

பக்கிள் போடும்போது வருகிற “டக்” சத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. காதுக்குப் பக்கத்தில் திடீரென்று கேட்டால் பூனை துள்ளிவிடும். ஒட்டி இழுக்கிற வெல்க்ரோவின் “பர்ர்” சத்தம் இன்னும் மோசம். அதனால் பூனை அறையின் அந்த மூலையில் இருக்கும்போது, நீங்கள் இந்த மூலையில் உட்கார்ந்து பக்கிளைப் போட்டுப் போட்டு எடுங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கோழி. கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வாருங்கள். சத்தம் கேட்டதும் அது உங்கள் கையைப் பார்க்க ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

பிறகு சாப்பிடும் நேரத்தில் மட்டும் மாட்டி, தட்டு காலியாவதற்குள் கழற்றிவிடுங்கள். ஹார்னஸோடு நாற்காலியில் ஏறுகிறது, விளையாடுகிறது, மலம் கழிக்கிற மண்தட்டுக்குப் போய்வருகிறது என்ற நிலை வந்த பிறகுதான் கயிறு. சில பூனைக்கு ஒரு வாரம் போதும், சில பூனைக்கு இரண்டு மாதம் ஆகும். அவசரப்படுத்தி நான் பார்த்த எந்தப் பூனையும் சீக்கிரம் பழகியதில்லை.

திருநகரிலிருந்து: கடையில் சின்ன நாய்க்குட்டி பெல்ட்டைத் தருகிறார்கள். அது சரிவருமா? கழுத்துப் பட்டையிலேயே கயிறு கட்டினால் என்ன?

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டவே கட்டாதீர்கள். பயந்து பாய்ந்தால் மொத்த இழுப்பும் தொண்டையில் விழும். நாய்க்குட்டி பெல்ட்டும் சரிப்படாது. பூனையின் தோள் ஒடுக்கம். பின்பக்கமாக நெளிந்து ஒரே நொடியில் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கழுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சு, இரண்டு சுற்றளவையும் டேப் வைத்து அளந்துகொண்டு போய் பூனைக்கென்றே செய்ததாக வாங்குங்கள். மாட்டியபின் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பூனைக்கு முன்னால் நின்று கயிற்றை மெல்ல உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். அது பின்வாங்கும்போது தோள் வெளியே வருகிறதென்றால் அந்த ஹார்னஸ் வேண்டாம். சட்டை மாதிரி மூடிய மாடல் உருவிக்கொள்ளக் கஷ்டம், ஆனால் நம் ஊர் வெக்கைக்கு வலைத்துணியில் இருப்பதாகப் பாருங்கள். கயிறு இரண்டு மீட்டர் போதும். பட்டனை அழுத்தினால் நீளுகிற ரகம் பூனைக்கு ஆபத்து. கைப்பிடி நழுவி விழுந்தால், அது தடதடவென்று பின்னாலேயே வர, பூனை இன்னும் வெறித்து ஓடும்.

அண்ணா நகர் அப்பார்ட்மென்ட்டிலிருந்து: எக்கோ பார்க், வண்டியூர் கண்மாய்க் கரை, தெப்பக்குளம், இதில் எது நல்லது?

ஆரம்பத்துக்கு மூன்றுமே வேண்டாம். காலையில் நடக்க வருகிற கூட்டம், குழந்தைகள், எல்லாவற்றுக்கும் மேல் தெருநாய்கள். நாய் வந்தால் பூனைக்கு ஏறி ஒளிய ஓர் இடம் வேண்டும். திறந்த மைதானத்தில் அது கிடைக்காது, ஏறத் தோதாக இருப்பது உங்கள் தலைதான்.

மதுரைப் பூனைக்கு மொட்டை மாடியை விட நல்ல இடம் கிடையாது. நாய் வராது, வண்டி கிடையாது, மேலே வானமும் காக்காயும் உண்டு. அதிகாலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் போய்வந்துவிடுங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் அந்த நேரத்தில் துணி காயப்போட யாரும் வருவதில்லை என்பதும் ஒரு வசதி. ஆனால் கயிற்றை ஒரு நொடியும் விடக் கூடாது. கைப்பிடிச் சுவரில் தாவி ஏறுவது பூனைக்குப் பெரிய விஷயமே இல்லை. தண்ணீர்த் தொட்டிக் குழாயிலோ டிஷ் கம்பியிலோ கயிற்றைக் கட்டிவிட்டு போன் பார்க்க உட்கார்வது பெரும் ஆபத்து. சுவர் தாண்டிக் குதித்தால் கயிற்றிலேயே தொங்கும்.

மாடிக்கு நடத்திக் கூட்டிப்போகாமல் கூடையிலோ கேரியரிலோ தூக்கிப் போங்கள். வாசற்படியைத் தன் காலால் தாண்டிப் பழகிய பூனை, நாளைக்குப் பால்காரருக்குக் கதவைத் திறந்தாலும் தாண்டும். மேலே போனதும் கேரியரைத் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். வெளியே வரவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வெயில் ஏறியபின் கண்டிப்பாக வேண்டாம். சித்திரை, வைகாசியில் இங்கே நாற்பது டிகிரி சாதாரணம். புறங்கையைத் தரையில் 7 வினாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பெர்சியன் மாதிரி சப்பை மூக்குப் பூனைகளுக்கு வெக்கை சீக்கிரம் ஏறும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, டாக்டரிடம் ஓடுங்கள்.

வில்லாபுரத்திலிருந்து: இதுவரை வீட்டை விட்டு இறங்கியதில்லை, ஊசியும் போட்டதில்லை. இப்போது போடணுமா?

போட்ட பிறகுதான் வெளியே. பன்லூகோபீனியா உட்பட மூன்று தொற்றுநோய்களைத் தடுக்கிற டிரைகேட் ஊசியும் ரேபிஸ் ஊசியும் கட்டாயம். குட்டி என்றால் டிரைகேட்டை 8 வாரத்தை ஒட்டித் தொடங்கி, 3 முதல் 4 வார இடைவெளியில் அடுத்தது. ரேபிஸ் மூன்று மாதத்தில். பெரிய பூனைக்கான கணக்கை டாக்டர் சொல்வார். பூனைகளைக் கொல்லக்கூடிய பன்லூகோபீனியா வைரஸ் தரையில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும், நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். வெளியே போனால் ஆபத்து இன்னும் அதிகம்.

உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்தும் போடுங்கள். ஆனால் நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். வலிப்பு வந்து செத்தே போகும். கருத்தடையும் முடித்துவிடுங்கள். சினைக்குக் கத்துகிற பெண் பூனையை எந்தக் கயிறும் நிறுத்தாது.

உசிலம்பட்டியிலிருந்து: எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, பக்கத்திலேயே மல்லிகை. அங்கே விடலாமா?

மல்லிகைச் செடி பூனைக்கு விஷம் இல்லை. செடியில் அடிக்கிற பூச்சிமருந்துதான் பிரச்சினை. பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கியே தீரும். மருந்து அடிக்கிற காலத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும். செங்காந்தளும் கொடிய விஷம், குறிப்பாகக் கிழங்கு. ஒட்டன்சத்திரம் பக்கம் பயிராகவே போடுகிறார்கள், இங்கே வேலிகளில் தானாகப் படரும். பூங்கொத்தில் வருகிற லில்லி வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

குப்பைமேனி உங்கள் தோட்டத்தில் நிச்சயம் இருக்கும். அதன் வேரைப் புதிதாகப் பிடுங்கிக் கழுவி வைத்துப் பாருங்கள். பல பூனைகள் கன்னத்தைத் தேய்த்து, எச்சில் வடிய உருளும். ஹார்னஸில் லேசாகத் தேய்த்துக் கொடுத்தால் அதன் மேலிருக்கும் சந்தேகம் குறையும். மோந்து விளையாடியதும் வேரை எடுத்து வைத்துவிடுங்கள், தின்ன விட வேண்டாம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: எங்கள் மாடிக்குக் குரங்கு வருமே?

அப்படியானால் மாடி வேண்டாம். கம்பி அடித்த பால்கனி போதும்.

திருமங்கலத்திலிருந்து, கல்லூரி மாணவர்: நாய் திடீரென்று வந்தால் பூனையைத் தூக்கிவிடலாமா அக்கா?

வெறுங்கையால் தூக்காதீங்க தம்பி. பயத்தில் இருக்கிற பூனைக்கு நீங்கள் யார் என்று தெரியாது. முகத்திலும் கழுத்திலும் கீறிவிடும். எப்போதும் தோளில் ஒரு கெட்டியான துண்டு போட்டுக்கொண்டு போங்கள். அதைப் பூனையின் மேல் போர்த்தி, தலையோடு சுருட்டி எடுத்துக் கேரியருக்குள் வைத்துவிடுங்கள். கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் பின்வாங்கும், அப்போதுதான் உருவிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் தனியாக விடுங்கள், கொஞ்சப் போக வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம்.

பழங்காநத்தத்திலிருந்து: மாடிக்குப் போய்ப் பழகியதிலிருந்து விடிகாலை நாலு மணிக்கே கதவருகில் நின்று கத்துகிறது. தூக்கமே இல்லை.

கத்தும்போது ஒருநாள்கூட எழுந்து போகாதீர்கள். ஒரு தடவை போனாலும், கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். தினமும் ஒரே நேரம், முதலில் ஹார்னஸை எடுத்துக் குலுக்குவது, அப்புறம் கேரியர், அப்புறம் மாடி. திரும்பி வந்ததும் காலைச் சாப்பாடு. இந்த வரிசை பிடிபட்டால், கதவை விட்டுவிட்டு ஹார்னஸ் மாட்டியிருக்கிற ஆணியைப் பார்த்து உட்காரும். ராத்திரி படுக்கப் போகும்முன் நன்றாக ஓடவிட்டு விளையாடுங்கள்.

தல்லாகுளத்திலிருந்து: சித்திரைத் திருவிழா சமயத்தில்?

எதிர்சேவைக்கு முந்தின நாளிலிருந்து அழகர் மலை திரும்புகிற வரை நடை கிடையாது. வேட்டும் மேளமும் உங்கள் தெருவிலேயே இருக்கும். உள்ளறையில் ஃபேன் போட்டு, மண்தட்டும் தண்ணீரும் வைத்து, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் கொடுங்கள். தீபாவளிக்கும் இதேதான்.

ஆரப்பாளையத்திலிருந்து, அவசரம்: கயிற்றோடு கையை விட்டு ஓடிவிட்டது, நேற்று சாயங்காலத்திலிருந்து காணவில்லை.

தூரம் போயிருக்காது. வீட்டுப் பூனை தப்பினால் பெரும்பாலும் நாலைந்து வீட்டுக்குள்தான் பதுங்கியிருக்கும், நீங்கள் கூப்பிட்டாலும் சத்தம் கொடுக்காது. கயிறு எங்கேயாவது சிக்கியும் இருக்கலாம், அதனால் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். நிற்கிற வண்டிகளுக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, பழைய சாமான் குவியலில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தெரு அடங்கிய பிறகு, பதினோரு மணிக்கு மேல் மறுபடி போங்கள். கூட்டமாகப் போகாமல் ஒருவர் மட்டும் போய், தினமும் வைக்கிற சாப்பாட்டு டப்பாவைக் குலுக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கார் ஷெட்டையும் மாடி அறையையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தவுடன் பாய்ந்து பிடிக்காமல் முதலில் கயிற்றின் நுனியைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள், அப்புறம் துண்டைப் போர்த்துங்கள். கிடைத்ததும் அக்குளையும் நெஞ்சையும் முடி விலக்கிப் பாருங்கள், பட்டை உரசிப் புண்ணாகியிருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.