நூற்பட்டியல் போட யார் யார் உட்கார வேண்டும்?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் கிராமப் படிப்பகத்தில் 4,000 புத்தகங்கள் இருக்கின்றன. நோட்டில் இருக்கும் பட்டியலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறோம். கோஹா மென்பொருள் தெரிந்த என் அண்ணன் மகன், “சித்தப்பா, நானே ஏத்திடுறேன்” என்கிறான். வேறு யாரையாவது சேர்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் சேர்க்க வேண்டும். கோஹா நல்ல தேர்வு; நியூசிலாந்தில் எழுதப்பட்டு 2000-இல் ஓடத் தொடங்கிய இலவச நூலக மென்பொருள். ஆனால் உங்கள் ஊர்க்காரர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார் என்பது அதற்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது.

தெரிந்தவர், புத்தகம் எடுத்துக் கொடுக்கும் ஊழியர். அவரை முதலில் உட்கார வையுங்கள். “மு.வ. புத்தகம் இருக்கா?” என்றுதான் கேட்டு வருவார்கள். பட்டியலில் ‘வரதராசன், மு.’ மட்டும் இருந்தால் திரையில் ஒன்றும் வராது. ஆசிரியர் பெயருக்கெனத் தனிப் பதிவு போட்டு, முதன்மைப் பெயரை 100-ஆம் புலத்திலும் (புலம் என்பது பதிவில் எண்ணிட்ட கட்டம்) மு.வ., வரதராசனார் போன்றவற்றை 400-ஆம் புலத்திலும் கொடுத்து, புத்தகங்களை அதனோடு இணைக்க வேண்டும். பிறகு மாற்றுப் பெயர்களையும் தேடலில் சேர்க்கும் ‘இன்க்ளூட் ஸீ ஃப்ரம் இன் சர்ச்சஸ்’ என்ற அமைப்பை இயக்கி, தேடலுக்கான இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண்.

புத்தகம் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்புக்கு ஒரு தமிழாசிரியரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் வேண்டும். தமிழாசிரியர் ‘ஏறுதழுவுதல்’ என்பார், பிள்ளைகள் ‘ஜல்லிக்கட்டு’ என்று தேடுவார்கள். இரண்டையும் சேர்த்துவிடலாம். ‘மஞ்சுவிரட்டு’ வேறு என்பார் பெரியவர். அவர் சொல்வதே சரி, அதற்குத் தனித் தலைப்புக் கொடுங்கள்.

பழைய நோட்டை எழுதியவர் இருந்தால் அலமாரி அலமாரியாக உடன் வரச் சொல்லுங்கள். நோட்டில் ஒரே எண் இரண்டு புத்தகத்துக்கு விழுந்திருக்கும்; அதையே பார்கோடாக வைத்தால் கோஹா இரண்டாவதை ஏற்காது. நோட்டைப் பார்த்து ஏற்றாதீர்கள், கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து ஏற்றுங்கள்.

தட்டச்சு செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை: ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து ஒரே எழுத்து. ‘ஒ’, ‘ள’ என இரண்டாகத் தட்டினால் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் அகப்படாது. எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும்.

முதலில் 100 புத்தகம் மட்டும் ஏற்றுங்கள். இரண்டு மாணவர், ஒரு பெரியவர், இதுவரை கம்ப்யூட்டர் தொடாத ஒருவர் என நால்வரிடம் பத்துப் பத்துப் புத்தகம் தேடச் சொல்லி, அவர்கள் தட்டிய சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காமல் போன சொற்களை, ஆசிரியர் பெயரானால் 400-இலும் பொருள் தலைப்பானால் 450-இலும் சேர்த்த பிறகு மீதி 3,900-ஐத் தொடங்கச் சொல்லுங்கள்.