காணி நிலமா, காணி நீலமா?

கேள்வி: தபால் துறையில் ஓய்வு பெற்றவன் நான். முறையாகச் சங்கீதம் படித்ததில்லை. கேள்விஞானத்தில் கீபோர்டு வாசிப்பேன். பாரதியாரின் ‘காணி நிலம் வேண்டும்’ பாட்டுக்குக் கர்னாடகம், கிராமியம், மேற்கத்தியம் என மூன்று விதமாக மெட்டுப் போட்டேன். ‘வார்த்தையே புரியல’ என்கிறாள் மனைவி. எனக்கு எந்தப் பாணி சரிப்படும்? பாரதியார் பாட்டில் கை வைக்கலாமா என்ற பயமும் இருக்கிறது.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் வீட்டம்மாவுக்கு நல்ல காது. நீங்கள் அனுப்பிய பதிவை இரண்டு தடவை கேட்டேன். மேற்கத்திய மெட்டில் எழுத்துக்கு ஒரு தட்டு என்று வைத்து, மூன்றாம் தட்டில் ‘நி’யைப் பிடித்து இழுக்கிறீர்கள். நிலம் நீலமாகிவிட்டது. ஒரு காணி நீலம் கேட்டால் பராசக்திதான் என்ன செய்வாள்! தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிப்போகும். மலை மாலையாகும், பல் பாலாகும். இழுக்க ஆசையாக இருந்தால் நெடிலில் இழுங்கள். ‘கா’ இருக்கிறது, ‘வே’ இருக்கிறது, ‘பரா’வில் ‘ரா’ இருக்கிறது. ஒரே இடத்தை விதவிதமாக வளைத்துப் பாடும் சங்கதிகளை அங்கே எத்தனை வேண்டுமானாலும் அடுக்குங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பாணியெல்லாம் அப்புறம். கீபோர்டை மூடிவிட்டு, வரியை வாய்விட்டுச் சொல்லித் தொடையில் தட்டிப் பாருங்கள். ‘காணி’யில் நெடிலுக்கு இரண்டு தட்டு, குறிலுக்கு ஒன்று, ஆக மூன்று. ‘நிலம்’ என்பதில் ‘நி’ ஒன்று; மெய்யோடு சேர்ந்த ‘லம்’ பாட்டில் இரண்டாக நிற்கும். அதுவும் மூன்று. தகிட தகிட என்று திஸ்ரத்தில், அதாவது மூன்று மூன்று தட்டாக, தானாகவே நடக்கிற வரியை நான்கு தட்டுக்குள் திணித்ததுதான் கோளாறு. ‘வேண்டும்’ கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ‘வேண்’ மூன்று, ‘டும்’ மூன்று என்று விட்டுக்கொடுங்கள். ஆனால் ‘டூம்’ ஆக்காமல், கடைசி ‘ம்’மில் ரீங்காரமாக நில்லுங்கள். மேற்கத்தியம்தான் வேண்டுமென்றால் வால்ட்ஸ் என்ற நடன மெட்டு இருக்கிறதே, அதற்கும் மூன்று தட்டுதான்.

கிராமிய மெட்டு மூன்றில் தேவலை. உறுமிச் சத்தத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கள். கர்னாடக மெட்டில் மோகனம் பொருத்தம்தான். இந்தச் சின்னப் பாட்டுக்கு அவ்வளவு நீள ஆலாபனை எதற்கு?

பயம் வேண்டாம். ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டுக்குப் பாரதியாரே பைரவி ராகம் என்று குறித்துவைத்தார். இன்று ஊரெல்லாம் பாடுவது காபி ராகத்தில் தொடங்கிப் பல ராகங்களில் போகும் ராகமாலிகையை. சட்டமும் குறுக்கே வராது. இங்கே ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. பாரதியார் மறைந்தது 1921-இல். இன்றைய கவிஞர்களின் கவிதை என்றால் யூடியூபில் ஏற்றுவதற்கு முன் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இந்தப் பாட்டைக் கேட்டே இராத பிள்ளை யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு, புது மெட்டைப் பாடிக்காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். ‘நிலம்’ என்று எழுதினால் பதிவை எனக்கு அனுப்புங்கள்.