ஒரே ஐரிஷ் பெயரை ஊருக்கு ஊர் வேறுவிதமாகச் சொல்கிறார்களே, எது சரி?

அயர்லாந்தின் தெற்கே லிமெரிக்கில் வசிக்கிறீர்கள், பிறக்கப்போகும் மகளுக்கு ரோஷீன் என்று பெயர் வைக்க எண்ணியிருக்கிறீர்கள். கெரியைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அம்மா பெயரின் பின்பாதியை ஓங்கி இழுத்து ‘ரோஷீ…ன்’ என்கிறார். டானிகாலைச் சேர்ந்த நண்பரோ ‘ராஷின்’ என்று வெட்டிச் சொல்கிறார். எது சரி என்பது உங்கள் கேள்வி.

இருவர் சொன்னதும் சரி. யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. இருவரும் தத்தம் வட்டார வழக்கின் விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள். நான் மகப்பேறு பிரிவில் செவிலியாக முதலில் கார்க் பகுதியிலும் பிறகு டானிகாலிலும் வேலை பார்த்தவள். பிறந்த குழந்தையின் பெயரைக் கேட்டு எழுதுவதும், எழுதியதை வாசித்து அழைப்பதும் எங்கள் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஐரிஷ் மொழிக்கு மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. தெற்கே கெரி, கார்க், வாட்டர்ஃபோர்டு பகுதிகளில் பேசப்படுவது மன்ஸ்டர் வழக்கு. மேற்கே கால்வே, மேயோ பகுதிகளில் கானக்ட் வழக்கு. வடக்கே டானிகாலில் அல்ஸ்டர் வழக்கு. அரசு 1958-இல் எழுத்துமுறைக்கும் இலக்கணத்துக்கும் ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டது. அது உச்சரிப்பில் கைவைக்கவில்லை. ஆகவே ஒரு வழக்கைக் காட்டி மற்றதைத் தவறென்று தள்ள எவருக்கும் ஆதாரம் கிடையாது.

உங்கள் பெயருக்கே வருவோம். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது. அதனால் அழுத்தம் நம் காதுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. குறிலும் நெடிலும் உடனே பிடிபடும். அதை வைத்தே புரிந்துகொள்ளலாம். மன்ஸ்டரில் இரண்டாம் அசை நெடிலாக இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் அங்கே போய்விடும். பக்கத்து வீட்டு அம்மாவின் ‘ஷீ’ ஓங்கி ஒலிப்பது இதனால்தான். கானக்டில் அழுத்தம் முதல் அசையில் நிற்கும், ஆனால் பின்னால் வரும் நெடில் நெடிலாகவே இருக்கும். அல்ஸ்டரில் அழுத்தம் முதல் அசையில் நிற்பதோடு, பின்னால் வரும் நெடிலும் குறுகிவிடும். நண்பரின் வாயில் ‘ஷீன்’ ‘ஷின்’ ஆவதற்கு இதுவே காரணம். முதல் ‘ரோ’வும் அங்கே சற்று அகன்று ‘ரா’வின் பக்கம் சாய்கிறது. கியரான், உஷீன் போன்ற ஆண் பெயர்களையும் இந்த ஒரே விதியை வைத்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கலாம்.

அடுத்தது, புதிதாக வருபவர்கள் எல்லாரும் திணறும் ‘பி ஹெச்’ (bh), ‘எம் ஹெச்’ (mh). ஐரிஷின் மரபான நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான். ‘வி’யும் ‘டபிள்யூ’வும் அதில் இல்லை. அந்த ஒலிகளைக் காட்டத்தான் ‘பி’, ‘எம்’ எழுத்துகளை அடுத்து ‘ஹெச்’ வருகிறது. தெற்கில் அது பெரும்பாலும் பல் உதட்டில் படும் ‘வ’ ஆகும். வடக்கில், வல்லொலியாக வரும் இடங்களில், அதாவது ‘ஏ’, ‘ஓ’, ‘யு’ எழுத்துகளை அடுத்து, உதடு குவிந்த ‘வ’ ஆகும். நம் ‘வ’ இரண்டுக்கும் நடுவே நிற்பதால் எழுதிக் காட்டுவது கடினம். கார்க்கில் ‘ஷிவான்’ என்று கடைசி அசை ஓங்கும் பெயர், டானிகாலில் முதல் அசை ஓங்கி ‘ஷுவன்’ போல ஒலிக்கிறது. ‘நீயவ்’ என்று தெற்கே கேட்கும் பெயர் டானிகால் ஐரிஷில் ‘நீயூ’ என்றே முடிவதுண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே அசையாக ‘நீவ்’ என்கிறார்கள். அந்தப் பெயரின் முதல் ஒலி உண்மையில் நம் ‘ஞ’வுக்கு மிக நெருக்கமானது. இதைச் சொல்ல ஆங்கிலேயர்கள் சிரமப்படுகிறார்கள், நமக்கு நாவிலேயே இருக்கிறது.

சி, ஏ, ஓ, ஐ, எம், ஹெச், இ என்று எழுதப்படும் பெண் பெயரைச் சிலர் ‘கீவா’ என்பார்கள், சிலர் ‘குவீவா’ என்பார்கள். தெற்கு வழக்கில் அந்த வல்லொலி ‘க’வை அடுத்து உதடு குவிந்து ஒரு ‘வ’ ஒட்டிக்கொள்ளும். லிவர்பூல் அணியில் ஆடிய கோல்கீப்பர் கெல்லெஹர் கார்க்காரர். அவருடைய முதற்பெயர் ‘குவீவீன்’ என்று ஒலிப்பதைப் போட்டி வர்ணனைகளில் கேட்டிருப்பீர்கள். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் வரைபடத்தில் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. இரண்டும் எங்கும் கலந்து கேட்கும்.

நெடில் ‘ஆ’ இன்னொரு சுவையான இடம். தெற்கிலும் மேற்கிலும் அது ‘ஆ’வுக்கும் ‘ஓ’வுக்கும் இடையே ஆழ்ந்து ஒலிக்கும். ஆகவே ‘ஷான்’ என்பது ‘ஷோன்’ போலக் கேட்கிறது. அல்ஸ்டரில் அதே ‘ஆ’ வாயின் முன்புறம் வந்துவிடும். வடக்கத்திய ‘ஷான்’ ஆங்கிலக் காதில் விழுந்து எழுத்தானபோது ‘ஷேன்’ ஆயிற்று. 1567-இல் கொல்லப்பட்ட அல்ஸ்டர் தலைவர் ஷேன் ஓ’நீல் ஐரிஷில் ஷான்தான். ஷேன் வார்ன், ஷேன் வாட்சன் என்று நாம் கிரிக்கெட்டில் கேட்டுப் பழகிய பெயரே ஒரு வட்டார உச்சரிப்பின் பிள்ளை.

இதைவிடத் தெளிவான சான்று டானிகாலின் க்வீடோர் பகுதியைச் சேர்ந்த பாடகியர் என்யாவும் அவருடைய அக்கா மோயா பிரெனனும். என்யாவின் பெயரை ஐரிஷ் எழுத்தில் பார்த்தால் நடுவில் ‘டி ஹெச்’ (th) நிற்கும். பல ஊர்களில் அதை ‘எத்னா’ என்று வாசிக்கிறார்கள். டானிகாலில் சொல்வது ‘எஞ்ஞா’, அதையே ஒலிப்படி எழுதிக்கொண்டார். அக்காவின் பெயர் மேரிக்கு இணையான ஐரிஷ் பெயர். தெற்கில் அது ‘மோய்ரா’வுக்கு நெருக்கமாக ஒலிக்கும். டானிகாலில் அந்த மெல்லிய ‘ர’ கரைந்து ‘ய’ ஆகிவிடும். எங்கள் வார்டில் ஒரு தாய் கட்டிலில் சாய்ந்தபடி அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கொஞ்சினார். என் காதில் விழுந்தது நம் ஊர் ‘மாயா’ போலவே இருந்தது. அட்டையைப் பார்த்தால் நடுவில் ‘ஆர்’ இருக்கிறது. டப்ளினிலிருந்து வந்த சக செவிலி அட்டையைப் பார்த்து ‘மாய்ரா’ என்றார். “எங்கள் வீட்டில் மாயா” என்றார் அந்தத் தாய். அன்றிலிருந்து அந்தக் குழந்தையை வார்டில் எல்லாரும் அப்படியே அழைத்தோம்.

இன்னொன்று. விளிக்கும்போது ஐரிஷில் பெயரே மாறும். முருகன் முருகா ஆவது தெரிந்த நமக்கு இது புதிதல்ல. ஷேமஸ் என்ற பையனை அழைத்தால் ‘அ ஹேமிஷ்’. ஐரிஷின் உறவு மொழியான ஸ்காட்டிஷ் கேலிக்கில் அந்த விளி வடிவமே ஹேமிஷ் என்று தனிப் பெயராகிவிட்டது. ரோஷீன் விளியில் மாறாது, கவலை வேண்டாம்.

இத்தனை வேறுபாடு இருப்பதால் எப்படிச் சொன்னாலும் சரி என்று ஆகிவிடாது. இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஐரிஷில் ‘சி’ ஒருபோதும் ‘ஸ’ ஆவதில்லை. நடிகர் கில்லியன் மர்பியைச் ‘சிலியன்’ என்பது எந்த வட்டாரத்து வழக்கும் அல்ல, ஆங்கில எழுத்துப் பழக்கத்தில் வாசிப்பது. நீவ் என்ற பெண்ணை ‘நியாம்’ என்று அழைப்பதும் அப்படியே. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் ஏறத்தாழ 18.7 லட்சம். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுபவர்கள் 72,000 பேர் அளவில்தான். பெரும்பாலான வீடுகளில் அந்த மொழி புழங்கும் இடம் பிள்ளையின் பெயர் ஒன்றுதான். அதையாவது அந்த வீட்டார் சொல்கிறபடி சொல்ல வேண்டும். நடிகை சர்ஷா ரோனன் தன் பெயரைக் குறிலாகச் சொல்கிறார், வேறு பலர் ‘சீர்ஷா’ என்கிறார்கள். அவரை அழைக்கும்போது அவர் சொல்வதே சட்டம்.

உங்களுக்கு என் யோசனை: லிமெரிக் மன்ஸ்டரில் இருக்கிறது, அங்கே வளரப்போகும் பெண், ஆகவே ‘ரோஷீன்’ என்றே வையுங்கள். டானிகால் நண்பர் ‘ராஷின்’ என்று கூப்பிட்டால் திருத்த வேண்டாம், குழந்தைக்கு இரண்டும் பழகிவிடும். ஆங்கில எழுத்தில் ‘ஓ’வின் மேலும் இரண்டாவது ‘ஐ’யின் மேலும் சாய்ந்த நெடிற்குறி உண்டு. பிறப்பைப் பதியும்போது கையெழுத்திடுமுன் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள், பல கணினிப் படிவங்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குத் தமிழில் எழுதி அனுப்பும்போதும் ஷகரத்துக்கு நெடில் போட்டு அனுப்புங்கள். அவர்கள் எழுதியிருப்பதைத்தான் வாசிப்பார்கள்.