கூடைப்பந்து: முதலில் காலைப் பாருங்கள்

பின்னேரத்தில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறவன் என்று தெரிந்ததால், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் கையைப் பற்றியவை. என் பதில்களில் பாதிக்கு மேல் காலைப் பற்றியவை. கோபிக்க வேண்டாம்.

மகளுக்கு ஒன்பது வயது. கடையில் 5, 6, 7 என்று மூன்று அளவில் பந்து இருக்கிறது. எதை வாங்குவது? – ஒரு தாய், உப்புவெளி

5ஆம் இலக்கம் வாங்குங்கள் அக்கா. 7 பெரிய ஆண்களுக்கு, 6 பெண்களுக்கு. "வளர்ந்தாலும் உதவும்" என்று 7ஐ வாங்கிக் கொடுத்தால், அந்தப் பாரத்துக்குப் பிள்ளை பந்தை இடுப்பிலிருந்து தள்ளப் பழகிவிடும். அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது. சீமெந்துத் தரை என்றால் றப்பர் பந்தே போதும், தோல் பந்து கெதியாகத் தேய்ந்துவிடும். காற்று சரியா என்று பார்க்க, அவளுடைய தோளுயரத்திலிருந்து பந்தைக் கீழே விடுங்கள். இடுப்பளவுக்கு எழும்பினால் சரி.

இரண்டு அடிதான் வைத்தேன். நடுவர் 'டிராவல்' (பந்தோடு கூடுதலாகக் காலை நகர்த்திய தவறு) என்று விசில் அடித்துவிட்டார். ஏன் அண்ணா? – பாடசாலை அணி வீரன், 16

தம்பி, நீங்கள் எண்ணியது சரியாக இருக்கலாம், எங்கேயிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பதில்தான் சிக்கல்.

ஓடிக்கொண்டே பந்தைப் பிடித்தாலோ, தட்டி வந்த பந்தைக் கையில் எடுத்தாலோ, அந்த நேரம் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகு வைக்கும் இரண்டு அடிகள்தான் உங்களுக்கு. 2017இல் சர்வதேச விதி இப்படி மாறியது. ஆனால் ஓட்டத்தில் பந்தைப் பிடித்துவிட்டுத் தட்டப் போகிறீர்கள் என்றால், இரண்டாவது அடி விழ முன்னர் பந்து கையை விட்டுப் போக வேண்டும்.

நின்றபடி பிடித்தால் கதை வேறு. இரண்டு காலும் தரையில் இருக்க எந்தக் காலை முதலில் தூக்குகிறீர்களோ, மற்றது ஆணிக் கால். அதை ஊன்றியபடி எந்தப் பக்கமும் திரும்பலாம். பந்தைத் தட்டத் தொடங்குவதென்றால், ஆணிக் கால் எழும்ப முன்னர் பந்து கையை விட்டிருக்க வேண்டும். நம் பெடியளில் பெரும்பாலானவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். எதிராளியை வெட்டிக்கொண்டு போகும் அவசரத்தில் பின்கால் முதலில் எழும்பும், பந்து அரை நொடி பிந்தித் தரையைத் தொடும். செய்தவருக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கும் நடுவருக்கு வடிவாகத் தெரியும்.

ஆணிக் காலைச் சுற்றிச் சோக்கால் ஒரு வட்டம் கீறிவிட்டு, பந்து தரையில் பட்ட சத்தம் கேட்ட பிறகே வட்டத்தை விட்டு வெளியேறிப் பழகுங்கள். கண்ணை விடக் காது இதற்கு நல்ல ஆசிரியர்.

நான் கட்டை. இந்த விளையாட்டு எனக்குச் சரிவருமா?

வரும். மக்சி போக்ஸ் என்ற அமெரிக்கர் 1.60 மீற்றர் உயரம்தான். அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏயில் 14 பருவங்கள் ஆடினார். பந்தைத் தாழ்வாகத் தட்டப் பழகுங்கள், உயரமானவர்கள் குனிய விரும்பமாட்டார்கள்.

நான்கு வருடம் பாடசாலையில் வலைப்பந்து விளையாடினேன். இப்போது கூடைப்பந்துக்கு வந்திருக்கிறேன். பந்து கிடைத்தால் உடம்பு தானாக நின்றுவிடுகிறது. – ஒரு மாணவி

தங்கச்சி, இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வலைப்பந்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் பாதி வேலை முடிந்திருக்கும். பந்தைச் சுத்தமாகப் பிடிப்பது, ஒரு காலில் இறங்கி அதை ஊன்றித் திரும்புவது, ஆள் ஓடும் இடத்துக்கு முன்னால் எறிவது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. வளையமும் அதே 3.05 மீற்றர் உயரம், அகலமோ கூட: அங்கே 38 சென்ரிமீற்றர், இங்கே 45. பின்னால் போர்ட் வேறு இருக்கிறது.

மாற்ற வேண்டியவை மூன்று. முதலாவது, பந்து கிடைத்தவுடன் ஆளைத் தேடாமல் ரிங்கைப் பாருங்கள். அங்கே இருவர்தான் கோல் போடலாம், இங்கே ஐவரும் போடலாம். இரண்டாவது, தட்டுதல். பந்தைப் பார்க்காமல், விரல் நுனிச் சதையால், முழங்கால் மடித்து, இரண்டு கையாலும் மாறி மாறித் தட்டுங்கள். உள்ளங்கை படக் கூடாது. ஒருமுறை நிறுத்திக் கையில் எடுத்தால் திரும்பத் தட்ட முடியாது என்பதை மறக்க வேண்டாம். மூன்றாவதுதான் மிகக் கடினம்: தடுப்பு. வலைப்பந்தில் 0.9 மீற்றர் தள்ளி நின்று கையை உயர்த்திப் பழகியிருக்கிறீர்கள். இங்கே ஒட்டி நிற்கலாம், ஆனால் கையால் பிடிக்கவோ தள்ளவோ கூடாது. அதனால் கையை மறந்து, குனிந்து, பக்கவாட்டில் காலைக் காலோடு சேர்க்காமல் நகருங்கள். முதல் மாதம் தொடை நோகும்.

பந்தும் 100 கிராம் அளவில் பாரம் கூட. தூரத்திலிருந்து எறிய அவசரப்பட வேண்டாம்.

லே-அப் (ஓடிவந்து ரிங்குக்கு அருகில் எழும்பிப் பந்து போடுவது) போட ஓடும்போது கால் சிக்குகிறது.

வலக்கைக்காரர் என்றால் வலது, இடது, பிறகு எழும்பல். பந்தே இல்லாமல் போர்ட்டுக்கு அருகிலிருந்து நடந்து செய்யுங்கள், பிறகு மெல்ல ஓடுங்கள். போர்ட்டில் உள்ள சதுரத்தின் உங்கள் பக்கத்து மேல் மூலையில் பந்தை வையுங்கள். எறியச் சொல்லவில்லை, வைக்கச் சொல்கிறேன்.

கச்சான் காற்றில் தூரத்துப் பந்து எல்லாம் விலகிப் போகிறது. கையை மாற்றவா? – திருக்கடலூர்

கையை மாற்ற வேண்டாம். காற்றுக்கு ஏற்ற மாதிரிக் கையைத் திருத்தினால், காற்றில்லாத உள்ளரங்கில் ஆடும் நாள் அவஸ்தைதான். கச்சான் வீசும் மாதங்களில் விடியற்காலையில் எறிந்து பழகுங்கள், காற்று அடிக்கும் பின்னேரத்தைத் தட்டுதலுக்கும் தடுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் அந்த நேரத்தில்தான் என்றால் உள்ளே போய் போர்ட்டில் அடித்துப் போடுங்கள். உப்புக் காற்றில் ரிங் துருப்பிடித்து ஆடுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். தளர்ந்த ரிங்குக்குக் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

மட்டக்களப்பில் மட்டும் ஏன் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு பேர்?

அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார்தான் பெரிய காரணம். புனித மிக்கேல் கல்லூரியில் பயிற்றுவித்த யூஜின் ஹெபர்ட் அடிகளாரை அங்கே இன்றும் சொல்வார்கள். 1990 ஓகஸ்டில் காணாமல் போனவர் அவர். நம் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியையும் இயேசு சபையினர் நடத்தியவர்கள்தான், ஆகவே நாமும் இதற்குப் புதியவர்கள் இல்லை.

சப்பாத்து கட்டாயமா?

கட்டாயம். ஓட்டச் சப்பாத்தில் பக்கவாட்டாகத் திரும்பினால் கணுக்கால் பிசகும், கவனம்.

எங்களிடம் ஒரு ரிங்தான் உண்டு. ஆறேழு பெடியள். என்ன செய்வது? – நிலாவெளி

மூவருக்கு மூவர் ஆடுங்கள், ஒலிம்பிக்கிலேயே உள்ள ஆட்டம். அரைக் கோர்ட், 10 நிமிடம், முதலில் 21 புள்ளி எடுத்தவர் வெற்றி. ரிங்கைச் சுற்றித் தரையில் கீறிய வளைவுக்குள்ளிருந்து போட்டால் ஒன்று, வெளியேயிருந்து போட்டால் இரண்டு. எதிரணியிடமிருந்து பந்தை எடுத்தாலோ, அவர்கள் கூடை போட்டாலோ, வளைவுக்கு வெளியே கொண்டுபோய்த்தான் தொடங்க வேண்டும். 12 நொடிக்குள் எறிய வேண்டும். ஏழாவது பெடியன் சத்தமாக எண்ணட்டும், அவனே நடுவரும்.