நண்பனுக்குப் பத்துக்கு எத்தனை போடுவது?

கேள்வி:

"ஐயா, நான் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். நாங்கள் நாலு பேர் ஒரு பேட்ச். மண்ணின் ஈரத்தை சென்சார் வைத்து அளந்து, தேவைப்படும்போது மட்டும் மோட்டாரை ஓடவிடும் சொட்டுநீர்ப் பாசனக் கருவிதான் எங்கள் ப்ராஜெக்ட். பேட்சில் ஒருவன் ஜனவரியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரிவியூ அன்று மட்டும் வந்து நிற்பான். சாயங்காலம் எங்கோ வேலைக்குப் போகிறான் என்று கேள்வி. ரிப்போர்ட், பிபிடி எல்லாம் பெரும்பாலும் நான்தான். நடுவில் சென்சார் வேறு கெட்டுப்போய் 11 நாள் ரீடிங்தான் கிடைத்தது. மீதி 19 நாளை இன்னொருவன் எக்செல்லில் போட்டு 30 ஆக்கிவிட்டான், அது ஒன்றும் பிரச்சினை இல்லை, சிமிலாரிட்டி செக்கிலும் 8 சதவீதம்தான் வந்தது. இப்போது துறையில் ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேருக்கும் பத்துக்கு மார்க் போடச் சொல்கிறார்கள். 'குழுப்பணியும் நெறிமுறையும்' என்று இரண்டு பக்கம் தனியாக எழுதியும் தர வேண்டும். 'எல்லாருக்கும் பத்து போட்டுடலாம்' என்கிறார்கள் மற்றவர்கள். வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. வராதவனுக்கு என்ன மார்க் போடுவது? உண்மையை எழுதினால் அது துரோகமா?"

பதில்:

நீங்கள் கேட்டது நண்பனைப் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த 19 நாட்கள்தான்.

சிமிலாரிட்டி 8 சதவீதம் என்பதால் நிம்மதியாக இருக்கிறீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இல் கொண்டுவந்த விதிமுறையில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக நடவடிக்கை என்று இருப்பதைத்தான் மனதில் வைத்திருப்பீர்கள். சிமிலாரிட்டி செக் செய்யும் மென்பொருள் பார்ப்பது ஒன்றே ஒன்றை: உங்கள் வரிகள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று. எக்செல்லில் உட்கார்ந்து உருவாக்கிய எண் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. ஆகவே இல்லாத அளவீட்டை இருப்பதாகக் காட்டினால் மென்பொருள் பூஜ்யம் என்றுதான் சொல்லும். அடுத்தவர் எழுத்தை எடுப்பதைவிட இது பெரிய தப்பு. எடுத்த எழுத்தாவது எங்கோ ஒருவர் உண்மையாக எழுதியது. இங்கே அந்த 19 நாளும் யாரும் எதையும் அளக்கவே இல்லை.

மென்பொருள் பிடிக்காவிட்டாலும் மனிதர் பிடிப்பார். ஈரத்தின் வரைபடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தண்ணீர் விட்டதும் கோடு சட்டென்று மேலே ஏறும். அப்புறம் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். உங்களுடைய 11 நாள் ரீடிங்கில் அது நிச்சயம் தெரியும். எக்செல்லில் ஏதோ இரண்டு எண்களுக்கு நடுவே தோராயமாக எண் போடச் சொன்னால், கடுகைக் கொட்டிவைத்த மாதிரி மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். சில நாள் மோட்டார் ஓடியும் ஈரம் குறைந்திருக்கும், சில நாள் ஓடாமலே கூடியிருக்கும். நடுவில் ஒரு நாள் கோடைமழை பெய்திருந்தால் அதன் சுவடே இருக்காது. "இந்தத் தேதியில் மழை பெய்ததே, ஏன் ஏறவில்லை?" என்று வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நான் எக்ஸ்டர்னலாகப் போன இடங்களில் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான்.

ரிப்போர்ட்டின் முதல் சில பக்கங்களில் போனஃபைடு சான்றிதழ் இருக்கும். நாலு பேர் பெயரும் பதிவெண்ணும் போட்டு, இது இவர்களே செய்த உண்மையான வேலை என்று உங்களை வழிநடத்தும் ஆசிரியரான கைடு கையெழுத்துப் போடுவார். அந்த 19 நாளைப் பற்றி அவருக்குத் தெரியாது. அங்கே இருப்பது எக்செல்லில் போட்டவன் பெயர் மட்டும் இல்லை. தெரிந்தும் சும்மா இருந்த உங்கள் பெயரும் இருக்கிறது, எதுவுமே தெரியாத அந்த வராத பையனின் பெயரும் இருக்கிறது. அவன்மீது கோபமாக இருக்கிறீர்கள், சரி. ஆனால் அவனுக்கே தெரியாமல் அவனையும் ஒரு பொய்யில் சேர்த்திருக்கிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மூன்று வாரம் என்பது தாராளமான நேரம். இப்படிச் செய்யுங்கள்.

எக்செல்லில் போட்ட பையனிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். "நீ செய்தது தப்பு" என்று ஆரம்பிக்காமல், "நாம இதை மாத்திடலாம், இன்னும் நேரம் இருக்கு" என்று ஆரம்பியுங்கள். 30 நாள் வேண்டும் என்று யாரோ சொன்ன பயத்தில்தான் அவன் அதைச் செய்திருப்பான். பிறகு நாலு பேரும் சேர்ந்து கைடிடம் போங்கள். "சார், எங்களிடம் 11 நாள் ரீடிங்தான் இருக்கிறது. மீதி நாங்கள் போட்டது. அதை எடுத்துவிடுகிறோம். புது சென்சார் வைத்து மறுபடி எடுக்க அனுமதி வேண்டும்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. திட்டுவார். சில மார்க் போகலாம், போகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் வைவாவில் தலைகுனிந்து நிற்பதற்கும், மூன்று வாரம் முன்னால் கைடின் அறையில் திட்டு வாங்குவதற்கும் எவ்வளவோ தூரம்.

சென்சார் ஏன் கெட்டது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்களா? இரண்டு முள் இருக்கும் மலிவான வகையாகத்தான் இருக்க வேண்டும். ஈர மண்ணில் அதை எந்நேரமும் மின்சாரத்தில் வைத்திருந்தால் மின்னாற்பகுப்பு நடக்கும். ஒரு முள்ளில் இருக்கும் உலோகம் கரைந்துகொண்டே போகும், பச்சை பூக்கும், ரீடிங் தானாக நகர ஆரம்பிக்கும். பிடுங்கிப் பார்த்தால் ஒரு முள் தேய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அதை ஒரு போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் போடுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டிலேயே உருப்படியான கண்டுபிடிப்பு அதுவாக இருக்கலாம். நிஜ வயலில் வைத்தால் என்ன ஆகும் என்று அது சொல்கிறது, இட்டுக்கட்டிய 19 நாளும் அதை மறைக்கிறது. இந்த முறை கெப்பாசிட்டிவ் வகை வாங்குங்கள், அதில் உலோகம் மண்ணில் படாது. பத்து நாள் ரீடிங் எடுங்கள். பழைய 11 நாளோடு இதை ஒட்டி 21 நாள் என்று காட்டாதீர்கள். சென்சார் வேறு, ஆகவே இரண்டு தனி வரைபடம்.

இப்போது உங்கள் நண்பனுக்கு வருகிறேன்.

நம் ஊரில் 'ஓ.பி. அடிக்கிறான்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். இதை நூறு வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிரான்சில் மேக்ஸ் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்தார், 1913-இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. 1979-இல் அமெரிக்காவில் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூன்று பேர் மாணவர்களைக் கை தட்டவும் கத்தவும் சொல்லிப் பார்த்தார்கள், அதே கதைதான். அவர்களே இரண்டு வருடம் கழித்து இன்னொன்றைக் கண்டார்கள்: உன் சத்தத்தைத் தனியாக அளக்கிறோம் என்று சொன்னதும் ஓ.பி. நின்றுவிட்டது. சோம்பல் ஒருவரின் பிறவிக் குணம் என்றால் இப்படி மறையாது. தன் பங்கு தனியாகத் தெரியாத இடத்தில்தான் மனிதர் கை தளர்கிறது. 'ரிப்போர்ட் வேலையை எல்லாரும் பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பீர்கள், அது உங்கள் தலையில் விழுந்ததும் இதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 'பெரும்பாலும் நான்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனாலும் ஒன்று செய்து பாருங்கள். நாலு பேரும் தனித்தனிச் சீட்டில், மொத்த வேலையில் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள், பிறகு கூட்டுங்கள். நான் கைடாக இருக்கும் பேட்சுகளில் இதைச் செய்யச் சொல்வது வழக்கம். 100-இல் நின்று பார்த்ததில்லை, எப்போதும் தாண்டும். கனடாவில் ராஸ், சிகோலி என்ற இருவர் 37 தம்பதிகளிடம் வீட்டு வேலைகளைப் பற்றி இதையே கேட்டு 1979-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் கணவனும் மனைவியும் சொன்ன பங்கைக் கூட்டினால் மொத்தத்தைத் தாண்டியது. சண்டையை மூட்டுவதில்கூட என் பங்கு அதிகம் என்றார்கள்! பொய் சொல்லவில்லை அவர்கள். நாம் செய்தது நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அடுத்தவர் செய்ததை நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்னால் என் பேட்சில் ஒரு பையன் லேப் பக்கமே வரமாட்டான். ரிவியூவில் எல்லார் முன்னாலும் "நீ எதுக்குப்பா வந்தே?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவன் கூடப் படிக்கும் பெண் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சர்க்யூட் படம் முழுக்க அவன் கையெழுத்து, ஓரத்தில் தேதி, சில இடத்தில் எண்ணெய்க் கறை. காலையில் நாலு மணியிலிருந்து அப்பாவின் டீக்கடையில் நின்றுவிட்டு, கடையிலேயே உட்கார்ந்து போட்டது. நான் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க முடியவில்லை.

உங்கள் நண்பன் அப்படித்தான் என்று சொல்லவில்லை. உண்மையிலேயே ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். 'கேள்வி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். நேரில் கேளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "சாயங்காலம் எங்கப்பா போறே? உன்னால எப்ப வர முடியும்?" என்று கேளுங்கள்.

அப்புறம் அவன் பெயரிலேயே ஒரு வேலையைக் கொடுங்கள். புது சென்சாரைச் சரிபார்க்கும் வேலையே இருக்கிறது. மண்ணை எடுத்து எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 24 மணி நேரம் காயவைத்து, மறுபடி எடைபோட்டால் உண்மையான ஈரம் தெரிந்துவிடும். சென்சார் காட்டுவதோடு அதை ஒப்பிட வேண்டும். சிவில் துறையின் மண் ஆய்வகத்தில் அந்த அடுப்பு இருக்கும், கைடிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும். இன்று பகலில் அரை மணி, நாளை பகலில் அரை மணி. சாயங்காலம் வேலைக்குப் போகிறவனாலும் முடியும். இந்த வேலையில்லாமல் உங்கள் சென்சார் காட்டும் எண்ணுக்கு மதிப்பும் இல்லை, ஆகவே இது அனுதாபத்துக்காகக் கொடுக்கிற வேலை இல்லை. அந்த அட்டவணைக்குக் கீழே அவன் பெயர் இருக்கட்டும். வைவாவில் அதை அவனே விளக்கட்டும்.

மார்க்கைப் பொறுத்தவரை, எல்லாருக்கும் பத்து போடாதீர்கள். அதுவும் எக்செல்லில் போட்ட எண் மாதிரிதான், அளக்காமல் எழுதியது. கோபத்தில் பூஜ்யமும் வேண்டாம். ஒரு தாளில் என்னென்ன வேலை, யார், எந்த வாரம் என்று எழுதுங்கள். நாலு பேரும் பார்த்து ஒத்துக்கொள்ளட்டும், அதிலிருந்து மார்க் தானாக வரும். இந்த மூன்று வாரத்தில் அவன் செய்வதும் அதில் வரட்டும், ஜனவரியிலிருந்து இன்று வரை செய்யாததும் வரட்டும். நீங்கள் போடப்போகும் எண்ணை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிற எண் என்றால் அது துரோகம் இல்லை. சொல்ல முடியவில்லை என்றால் எண் தப்பு, அல்லது நீங்கள் இன்னும் அவனிடம் பேசவில்லை.

அந்த இரண்டு பக்கம். துறையில் சும்மா கேட்கவில்லை. பொறியியல் படிப்புகளை அங்கீகரிக்கும் என்.பி.ஏ. அமைப்பு, மாணவர் படித்து முடிக்கும்போது வந்திருக்க வேண்டிய திறன்களில் நெறிமுறையையும் குழுப்பணியையும் தனித்தனியாகவே சேர்த்திருக்கிறது. ஆனால் மாணவர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இந்த ப்ராஜெக்ட் மூலம் ஒற்றுமையின் முக்கியத்துவத்தையும் நேர மேலாண்மையையும் கற்றுக்கொண்டோம்." இதை ப்ராஜெக்ட் செய்யாதவர்கூட எழுதலாம். கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிகளைத் துறையில் கொடுத்திருக்கலாம்: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், ஏன், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்து என்ன. நடந்ததைச் சொல்வதிலேயே ஒன்றரைப் பக்கம் போய்விடும், அதைச் சுருக்கி 'ஏன்' என்பதற்கு இடம் விடுங்கள்.

இப்படி ஆரம்பிக்கலாம்: "30 நாள் ரீடிங் இருந்த ஃபைலை என் நண்பன் அனுப்பியபோது அது பொய் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி ரீடிங் எடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழும் என்று நினைத்தேன்." உங்கள் விஷயத்தில் காரணம் வேறாக இருந்தால் அதை எழுதுங்கள். மற்றவர்களைப் பற்றி வரும் இடத்தில் செய்ததையும் செய்யாததையும் மட்டும் எழுதுங்கள், குணத்தை எழுத வேண்டாம். "பொறுப்பில்லாதவன்" என்பது உங்கள் முடிவு. "பிப்ரவரியில் நடந்த நாலு சந்திப்புக்கும் வரவில்லை, நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை" என்பது நடந்தது. அவன் வீட்டுக் கஷ்டத்தை உங்களிடம் சொன்னால், அவன் சம்மதம் இல்லாமல் அதை ஒரு வரிகூட எழுதாதீர்கள். அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்தும் எழுதாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எக்செல்லில் போட்ட பையன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? இரண்டு நாள் கொடுங்கள். அப்போதும் மாட்டேன் என்றால், "வெள்ளிக்கிழமை நான் சாரைப் பார்த்துச் சொல்லப் போறேன், நீயும் வந்தா நல்லா இருக்கும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் போங்கள். அசல் 11 நாள் ஃபைலைக் கையில் எடுத்துப் போங்கள்.