அமெரிக்காவில் குடியேற்ற ஆவணமில்லாத மாணவர்களுக்குக் கல்லூரிகள் எப்படி உதவ முடியும்?

அவர்கள் கல்லூரியில் சேர்வதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. பணம்தான் பெரிய சுவர். மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் இவர்களுக்குக் கிடையாது.

மற்றது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2001-இல் வந்த ஏபி 540 சட்டப்படி, அங்கே மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறியவர் அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணமே கட்டலாம். ஆனால் அதற்கு ஓர் உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். மாநில உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம். இதெல்லாம் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருப்பதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் உதவி.

கவுன்ட்டரில், பின்னால் வரிசை நிற்கும்போது, "சோஷியல் செக்யூரிட்டி நம்பர் என்ன?" என்று, இவர்களில் பலரிடம் இல்லாத அந்த அரசு அடையாள எண்ணைச் சத்தமாகக் கேட்டால் போதும். "அப்புறம் வர்றேன்" என்று போகும் பிள்ளை திரும்பி வராமலே போகலாம். படிவத்தில் எந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று தனியறையில் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது ரகசியம். 1974-இன் ஃபெர்பா சட்டம் மாணவர் பதிவுகளைப் பாதுகாக்கிறது. ஆனால் முகவரி, பிறந்த ஊர் போன்றவற்றைக் கல்லூரி 'பொது விவரம்' என்று வகைப்படுத்தியிருந்தால், சம்மதம் கேட்காமலே வெளியிடலாம். மாணவர் எழுதிக் கொடுத்து அதைத் தடுக்க முடியும். இதைச் சேர்க்கையின்போதே சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலையே கல்லூரி சுருக்கிவிட்டால் இன்னும் நல்லது.

வேலை அனுமதி இல்லாதவருக்குச் சம்பளம் தர முடியாது. சரி, சொந்த நிதியிலிருந்து கல்வி உதவித்தொகை தரலாமே? வளாகத்திலேயே இலவசக் குடியேற்ற வழக்கறிஞரும் கிடைக்கச் செய்யலாம்; கலிஃபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களில் அந்த வசதி உண்டு.